நாய்க்கும் பூனைக்கும் காசநோய் வருமா? குமரி மாவட்டத்தில் வளர்ப்போர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தவுடன் நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்பவர்களும், பூனை தும்மினால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சுபவர்களும் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளோடு, பலர் கேட்க மறந்துவிடும் வேறு சில நோய்களைப் பற்றிய கேள்விகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.

நாய்க்கும் பூனைக்கும் உண்மையிலேயே காசநோய் வருமா?

வரும், ஆனால் அரிதாகவே வரும். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்த காசநோய்க் கிருமி தனியொரு கிருமி அல்ல; அதற்கு நெருங்கிய உறவுள்ள பல கிருமிகள் உண்டு. மனிதரிடம் பெரும்பாலும் காணப்படுவது மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். மாடுகளிடம் காணப்படுவது மைக்கோபாக்டீரியம் போவிஸ். தென்னிந்திய மாடுகளிடம் ஓரிஜிஸ் என்ற இன்னொரு வகையும் கண்டறியப்பட்டிருக்கிறது. நாய்க்கு மனித வகை, மாட்டு வகை இரண்டுமே தொற்றும். பூனையின் உடல் மனித வகையைப் பெருமளவு எதிர்த்து நிற்கிறது. மாட்டு வகைக்குத்தான் அது எளிதில் இடம் கொடுக்கிறது. ஆகவே, நாய்க்கு வந்திருந்தால் முதலில் வீட்டு மனிதர்களையும், பூனைக்கு வந்திருந்தால் அது குடித்த பாலையும் தின்ற இறைச்சியையும் விசாரிக்க வேண்டும்.

நாயிடமிருந்து நமக்குப் பரவுகிறதா, நம்மிடமிருந்து நாய்க்குப் பரவுகிறதா?

பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் நாய்க்குப் போகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் யார்க்‌ஷயர் டெரியர் இன நாயொன்றுக்கு மனித வகைக் காசநோய் இருந்ததை 2004-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று விவரிக்கிறது. அந்த நாய்க்கு நோய் தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதன் உரிமையாளருக்குக் காசநோய் உறுதியாகியிருந்தது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் நிலையில், நம் வீடுகளில் இத்தகைய தொற்று நிகழ வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

வழி எளிமையானது. நோயாளி இருமும்போது காற்றில் பரவும் நுண்ணிய துளிகளை, கட்டிலுக்கடியில் படுத்துக் கிடக்கும் நாயும் சுவாசிக்கிறது. முற்றத்தில் துப்பிய சளியை அது நக்குகிறது. நோயாளி பாதி தின்றுவிட்டு வைத்த சோற்றை அதற்கே போட்டுவிடுகிறோம். நாயிடமிருந்து மனிதருக்குப் பரவுவது கொள்கையளவில் இயலும் என்றாலும் மிக மிக அரிது. ஆகையால், ஒரு நாய்க்கு மனித வகைக் காசநோய் உறுதியானால் அந்த வீட்டில் இன்னும் கண்டறியப்படாத நோயாளி ஒருவர் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். நாயின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த மனிதரைத் தேடாமல் விடுவதுதான் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் உள்ள எவரும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்குக் காசநோய் உறுதியாகிவிட்டது. நாயை அப்புறப்படுத்த வேண்டுமா?

வேண்டாம். தெருவில் விடப்படும் நாய்க்கு ஒருவேளை தொற்று இருந்தால், அதைக் கண்காணிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளத் தொடங்கிய ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறருக்குப் பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் இந்தக் காலம் நீளும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை நாயை நோயாளியின் அறையில் படுக்க விடாமல், அவர் முகத்தை நக்க விடாமல், அவர் மிச்சம் வைத்ததைப் போடாமல் இருந்தால் போதும். சளியை மூடியுள்ள பாத்திரத்தில் துப்பி, மருத்துவமனையில் சொல்லித்தரும் முறையில் அழிக்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்தால் நாய்க்கும் நல்லது, பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது.

அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்துகள் இலவசம். நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் சத்துணவுக்காக வழங்கப்படும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ₹1,000 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கும் முட்டையை அப்பாதான் சாப்பிட வேண்டும். நாய்க்குப் பங்கு வைக்கும் தாராள மனதுடைய நோயாளிகளும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பால் கறக்கும்போது பூனைக்குக் கொஞ்சம் ஊற்றுவது வழக்கம். அதில் என்ன கெடுதல்?

தொழுவத்தின் வாசலில் பூனை வந்து உட்கார்வதும், கறப்பவர் முதல் பாலைச் சிரட்டையில் பீய்ச்சி அதன் முன் வைப்பதும் தோவாளை, கல்குளம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் காணக்கூடியவை. பசுவுக்குக் காசநோய் இருந்து அது மடியையும் பற்றியிருந்தால், கிருமி பாலில் வரும். நமக்கு வேண்டிய பாலைக் காய்ச்சிவிடுகிறோம். பூனைக்கு மட்டும் பச்சையாகக் கொடுக்கிறோம். இப்படி நுழையும் கிருமி பூனையின் குடலையும் அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் தாக்குகிறது. ஐரோப்பிய நாடுகளில் பாலைப் பதப்படுத்தும் முறை பரவலான பிறகே பூனைகளிடம் இவ்வகைக் காசநோய் குறைந்தது. 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தாலே கிருமி மடியும் என்பதால், பொங்கக் காய்ச்சிய பாலில் அச்சமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

இறைச்சிக் கடையில் நாய்க்கென்று வாங்கும் நுரையீரல், குடல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். நுரையீரலில் மஞ்சள் நிறமாகத் தயிர்க்கட்டி போன்ற கணுக்கள் தென்பட்டால், வேகவைத்தும் போட வேண்டாம், புதைத்துவிடுங்கள்.

என்னென்ன அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

நாயிடம் வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், உணவு எடுத்தும் மெலிதல், ஓடினால் மூச்சு வாங்குதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆகியவை தோன்றலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் தொற்றைச் சுமக்கும் நாய்களும் உண்டு. பூனையிடம் இருமலை விடத் தோலில்தான் அடையாளம் தெரியும்: முகத்திலோ காலிலோ வால் அடியிலோ ஒரு கட்டி, அது உடைந்து ஆறாத புண்ணாக மாறுதல், எந்த மருந்து போட்டும் மீண்டும் திறந்துகொள்ளுதல்.

கணுக்களைத் தொட்டுப் பார்க்க வீட்டிலேயே பழகலாம். பூனையை மடியில் வைத்து, இரு கைகளின் விரல்நுனிகளையும் தாடையெலும்பின் பின்கோணத்தில் மெல்ல வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் சாதாரணமாகச் சிறிய பருப்பளவில் வழுக்கிக்கொண்டு நகரும். ஒரு பக்கம் மட்டும் நெல்லிக்காய் அளவுக்குப் பருத்து, கெட்டியாகி, அசையாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது காசநோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல்லில் சீழ், பூனைச் சண்டையில் பட்ட நகக்காயம், புற்று எனக் காரணங்கள் பல.

என் நாய் ஒரு மாதமாக இருமுகிறது. காசநோய்தானே?

அநேகமாக இல்லை. வயதான சிறு இன நாய் இரவில் இருமினால் முதலில் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். விடுதியில் விட்டு அழைத்து வந்த நாய் வறட்டு இருமலோடு தொண்டையைக் காறினால் அது நாய்களிடையே பரவும் தொற்று இருமல். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிய இருமும் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இருக்கலாம். கொசு மூலம் பரவும் இதயப் புழுவும் இருமலை உண்டாக்கும். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகும் காரணம் தெரியாமல், வீட்டில் காசநோயாளி ஒருவரும் இருந்தால்தான் காசநோயைத் தீவிரமாக எண்ண வேண்டும். வீட்டில் நோயாளி இருப்பதைக் கால்நடை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஒரு தகவல் பல பரிசோதனைகளை விட மேலானது.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

மனிதருக்குத் தோலில் போடும் காசநோய் ஊசிப் பரிசோதனை நாயிடம் சரியாக வேலை செய்வதில்லை. பூனையிடம் அதை நம்பவே முடியாது. மார்பு எக்ஸ்ரே சந்தேகத்தை வலுப்படுத்தும், உறுதிப்படுத்தாது. பருத்த கணுவில் மெல்லிய ஊசியைச் செலுத்தி எடுக்கும் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சீல்–நீல்சன் முறையில் சாயமேற்றிப் பார்க்கும்போது, நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரியும். பூனைத் தொழுநோய்க் கிருமி உள்ளிட்ட வேறு உறவுக் கிருமிகளும் அதே நிறத்தில்தான் தெரியும் என்பதால் இதுவும் முடிவல்ல. வகையைப் பிரித்தறியப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை அல்லது கிருமி வளர்ப்புச் சோதனை வேண்டும். இக்கிருமி மிக மெதுவாக வளர்வதால் வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். உயர் பரிசோதனை தேவைப்பட்டால் நமக்கு அருகிலிருப்பது திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி.

சிகிச்சை உண்டா?

உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை, ஒரு நாளும் தவறாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். பூனையின் வாயில் மாத்திரையைத் தினமும் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் கடினம் புரியும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி, அது மனிதருக்கே தீங்காக முடியும். ஆகவே நுரையீரல் பாதித்து, வீட்டில் கைக்குழந்தையோ நோயெதிர்ப்பு குன்றியவரோ இருக்கும் நிலையில், கருணைக் கொலையை மருத்துவர் பரிந்துரைத்தால் அதைக் கொடுமை என்று கொள்ள வேண்டியதில்லை. தோலில் மட்டும் சிறு கட்டி, பொறுப்பான உரிமையாளர், எளிதில் மருந்துண்ணும் விலங்கு என்றால் முயன்று பார்ப்பதே என் கருத்து. வீட்டு நோயாளிக்கு அரசு கொடுத்த மாத்திரையில் பாதியை நாய்க்குப் போடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அதனால் இருவருக்குமே சிகிச்சை கெடும்.

நாய், பூனைகளுக்கெனக் காசநோய்த் தடுப்பூசி எதுவும் நடைமுறையில் இல்லை.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் காசநோய் வரும் என்கிறார்களே?

வராது. முடியில் காசநோய் இல்லை. பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமா மூச்சுத்திணறலையும் தூண்டும். நெடுநாள் இருமலைக் கண்ட முன்னோர் அதையும் காசத்தோடு சேர்த்துவிட்டார்கள் போலும்.

அப்படியானால் பூனையிடமிருந்து மனிதருக்குக் காசநோய் பரவியதே இல்லையா?

பரவியிருக்கிறது, பிரிட்டனில். நியூபரி நகரப் பகுதியில் 2012 டிசம்பருக்கும் 2013 மார்ச்சுக்கும் இடையே ஒன்பது பூனைகளுக்கு மாட்டு வகைக் காசநோய் கண்டறியப்பட்டது. அவற்றோடு தொடர்பிலிருந்த இருவருக்கு அதே நோய் வந்ததை 2014 மார்ச்சில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அறிவித்தது. சீழ் வடியும் புண்ணுக்கு மருந்து போடும்போது கையுறையும் முகக்கவசமும் அணிவது இதனால்தான்.

வேறு எந்த நோய்க்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

ரேபிஸுக்கு. காசநோயைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் நாய்க்குட்டியின் பல் பட்ட கீறலைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்பதே உண்மையில் கவலைக்குரியது. அறிகுறி தொடங்கிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை; தொடங்குவதற்கு முன் முறையாகச் சிகிச்சை பெற்றால் சாவது ஏறக்குறைய இல்லை. கடிபட்டதிலிருந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளை ஓர் ஆண்டையும் தாண்டும்.

கடி, பல் கீறல், நகக் கீறல், காயத்தின் மேல் நக்குதல் எதுவானாலும், உடனே சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மூலிகைச் சாறு எதையும் அப்பாதீர்கள். நம் மாவட்டம் வர்மத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் பெயர் பெற்றது; அவற்றின் மேல் மதிப்பு வைத்திருப்பவர்களும் நாய்க்கடிக்கு முதலில் செல்ல வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே. தடுப்பூசி தோலுக்குள் போடப்பட்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடப்பட்டால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் வரும். இரத்தம் வந்த காயமென்றால், காயத்தைச் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் அவசியம்; சிறிய நிலையத்தில் அது இல்லையென்றால் பெரிய அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் அஞ்சுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது.

கடித்தது வீட்டு நாயோ பூனையோ என்றால் அதை அடித்துக் கொல்லாமல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் ஆண்டுதோறும் அடுத்தவையும் போட வேண்டும்.

எலிக்காய்ச்சல் நாய் மூலமும் வருமா?

வரும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் நம்முடையது. குளங்களும் கோதையாற்றுக் கால்வாய்களும் வயல்களும் ஆண்டில் இரு முறை நிரம்பி வழியும்போது, எலியின் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த நீரைக் குடிக்கும் நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றும். பிழைத்த நாய் தன் சிறுநீரில் கிருமியைச் சில காலம் வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தச் சிறுநீரைக் கழுவும்போது கையுறை அணிய வேண்டும்; வெறுங்காலோடு அந்த இடத்தை மிதிக்கக் கூடாது. நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். ரப்பர் விளையிலோ வயலிலோ வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையில் கடும் வலியும் கண் சிவப்பும் இருந்தால், மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

குட்டிகளைக் கொல்லும் நோய்கள் எவை?

நாய்க்குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர், பூனைக்குட்டிக்குப் பான்லூக்கோபீனியா. பார்வோவில் வாந்தியும் துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் ஒன்றிரண்டு நாளிலேயே குட்டியை வீழ்த்தும். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால், ஒரு குட்டி இறந்த முற்றத்தில் உடனே இன்னொன்றைக் கொண்டு வராதீர்கள். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு, போட்டும் பயனில்லை என்பது நியாயமில்லை.

உண்ணியை விரலால் பிடுங்கிப் போட்டால் போதாதா?

போதாது. நாயின் உடலில் காண்பவை சிறு பங்கே. மீதி சுவர் வெடிப்பிலும் கூண்டுப் பலகையின் இடுக்கிலும் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகளால் நாய் வெளுத்து, மூக்கில் இரத்தம் வடிந்து சோர்ந்துவிடும். ஆகவே நாய்க்கும் இருப்பிடத்துக்கும் ஒரே வேளையில் மருந்திட வேண்டும். ஓர் எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமாலும் அப்படியே. அரை மாத்திரையும் பூனைக்கு நஞ்சு.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை இருக்கலாமா?

இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறினாலும், தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே மலப்பெட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து விலகும். தோட்ட மண்ணைக் கிளறிய கையும் வேகாத இறைச்சியும் பூனையை விடப் பெரிய வழிகள்.

காசநோயால் இறந்த விலங்கை என்ன செய்வது?

கையுறை, முகக்கவசம் அணிந்து, உடலைப் பையில் சுற்றி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நம் வீட்டு மனைகள் சிறியவை, கிணறு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். கிணற்றிலிருந்து தள்ளி இடமில்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வேறிடம் பாருங்கள். ஆற்றிலோ கடற்கரையிலோ வீசக் கூடாது. படுத்திருந்த சாக்கை எரித்துவிடுங்கள். தரையை முதலில் சோப்பு நீரால் கழுவி அழுக்கை நீக்கிய பிறகே பிளீச்சிங் கரைசலை ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. இக்கிருமி நேரடி வெயிலில் விரைவில் மடியும், இருண்ட ஈரமூலையில் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், கூண்டையும் பாத்திரங்களையும் பல நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள்.